கட் சொல்ல மறந்த நாள்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது, நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் படம் எடுத்த கதையை மூன்று தடவை போனில் சொல்லிப் பார்த்தேன், மூன்று தடவையும் முக்கியமான இடம் வருவதற்குள் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது, நீயும் 'அம்மா, ஒண்ணும் புரியல, நிதானமா சொல்லு' என்று சொல்லியே அலுத்துப்போனாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வாரமாக எனக்குத் தலைகால் புரியவில்லை, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம்கூடப் போய் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், 'வந்தவங்களுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ண விடுமா' என்று அவர் கும்பிடாத குறை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் வரிசையாக எழுதும்போது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. இருபது வயதில் கதாநாயகியாக வந்தேன். இருபத்தெட்டில் அதே கதாநாயகனுக்கு அண்ணி ஆனேன், முப்பத்து மூன்றில் அவருக்கே அம்மா. என்னைவிட ஆறு வயது மூத்த மனிதர் என் மடியில் தலையை வைத்து 'என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கம்மா' என்று கதறினார், அவர் தலைச்சாயம் என் சேலையில் ஒட்டிவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் கவலை. அதற்குப் பிறகு அறுபத்தேழு படங்களில் அழுதேன். கிளிசரின் இல்லாமலே அழுவாள் என்று பெயர் வாங்கியதால் கேமரா இருக்கும் பக்கத்துக் கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தால் போதும் என்பார்கள், அதையும் செய்தேன். நடிகையின் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஒரு தூக்கம் போடுவார்கள், நான் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்று, இந்த லென்ஸ் எதற்கு, அந்த விளக்கை ஏன் தள்ளி வைத்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எல்லார் உயிரையும் வாங்குவேன். மேக்கப் அறையில் உட்கார்ந்து நோட்டில் ஒரு கதை எழுதி வைத்தேன், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிற பெண், அவளுடைய ஒரே ஒரு நாள், அவ்வளவுதான். நான்கு தயாரிப்பாளர்கள் கேட்டார்கள், நான்கு பேரும் கதை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, 'டைரக்‌ஷனுக்கு யாரைப் போடலாம் மேடம்' என்றார்கள். எதிரே கல்லுப்பிள்ளையார் மாதிரி நான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவதாக வந்தவர் இரும்புக் கட்டிலும் பீரோவும் செய்கிற தொழிற்சாலைக்காரர், சினிமாவுக்குப் புதியவர். 'எழுதுனவங்களே எடுத்தா என்ன' என்று கேட்டார். அப்படிக் கேட்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஒரு பழைய கிடங்குக்குள் ஒட்டுப்பலகையால் லிஃப்ட் செய்தோம், கேமராவுக்காக ஒரு பக்கச் சுவரை மட்டும் வைக்கவில்லை. மேலே போவது போலத் தெரிய நான்கு தச்சர்கள் வெளியே நின்று அதை ஆட்டுவார்கள். லிஃப்ட்காரியாக நடித்தது நாடக மேடையிலிருந்து வந்த ஒரு பெண், கேமரா முன்னால் அவளுக்கும் முதல் நாள், கேமராவுக்குப் பின்னால் எனக்கும் முதல் நாள். கேமராமேன் என் முதல் படத்தில் எனக்கு முதல் க்ளோஸப் வைத்தவர், அந்த உரிமையில் எல்லாக் கேள்வியையும் என்னிடம் கேட்காமல் என் உதவி இயக்குநரிடம் கேட்டார், அவன் என்னைப் பார்ப்பான், நான் பதில் சொல்வேன், அவர் அவனுக்குத் தலையாட்டுவார். சரி, பல்லைக் கடித்துக்கொண்டு முதல் ஷாட்டுக்கு வந்தேன். நோயாளியின் குடும்பம் லிஃப்டை விட்டு வெளியேறுகிறது, இவள் 'பார்த்துப் போங்க' என்கிறாள், கதவு மூடுகிறது, முடிந்தது. ஆக்‌ஷன் என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது, கதவும் மூடியது. நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். கட் என்று சொல்கிற வரைக்கும் எது வந்தாலும் நிறுத்தாதே என்று காலையில் அவளுக்குச் சொல்லியிருந்தது நான்தான், நல்ல பிள்ளை, நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்தாள். ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி மற்றக் காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை அவிழ்த்துத் திரும்ப முடிந்தாள். உதடு லேசாக நடுங்க ஆரம்பித்தது, அழப் போகிறாள் என்று நினைத்தேன், அவள் ஏதோ நினைத்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்தாள், சத்தமில்லாமல். நானும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். உதவி இயக்குநர் என் காதருகே குனிந்து, 'மேடம், கட் சொல்லணும்' என்றான். நான், 'யாரு சொல்லணும்' என்று கேட்டேன். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் குட்டிம்மா, யாரோ ஒருவர் சொல்வார் என்று நின்றிருக்கிறேன். லிஃப்டுக்குப் பின்னால் தச்சர்கள் சிரித்த சிரிப்பில் பலகை ஒன்று கழன்று விழுந்தது. கேமராமேன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இது ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் ஓடியிருக்கு, இதுல ஒரு செகண்டையும் யாருக்கும் குடுத்துராதம்மா' என்று, முதல் தடவையாக நேரே என்னிடம் சொன்னார்.

கொடுக்கவில்லை. எடிட்டிங்கில் அப்படியே முழுசாக வைத்தேன். அங்கேதான் வந்தது வினை. கட்டில்காரர் பார்த்துவிட்டு, 'மேடம், ரெண்டு நிமிஷம் அந்தப் பொண்ணு காலைச் சொறியுது, ஜனங்க எந்திரிச்சு கேன்டீனுக்குப் போயிருவாங்க' என்றார். பொல்லாதவர் இல்லை, பயந்துபோயிருந்தார், யாரோ அவர் மனசைக் கலைத்திருந்தார்கள். வேறொரு டைரக்டரை வைத்து அந்த இடத்தைக் குறைக்கப் போகிறேன், ஒப்பந்தத்தில் அதற்கு எனக்கு இடம் இருக்கிறது என்றார். இத்தனை வருஷத்தில் சரி சார் என்பதைத் தவிர நான் எதையும் சொன்னதில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு என் வாயிலிருந்து, 'அதைத் தொட்டீங்கன்னா இயக்கம்னு என் பேரைப் போடாதீங்க' என்று வந்துவிட்டது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு எதிரே பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன், பெயர் போனால் இன்னொரு படம் யார் தருவார்கள். மறுநாள் அவரே போன் செய்தார். சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டுவோம், அந்த இடத்தில் பத்துப் பேருக்கு மேல் எழுந்தால் வெட்டு, எழாவிட்டால் உங்கள் இஷ்டம் என்றார். ஆட்களும் அவருடையவர்கள், தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படம். நானும் அப்பாவும் கடைசி வரிசை. கட்டில்காரர் திரைக்குக் கீழே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தலைகளை எண்ணத் தயாராகப் பேனாவும் கையுமாக இருந்தார். அந்த இடம் வந்தது. கதவு மூடியது. உடனே மூன்றாவது வரிசையில் ஆஜானுபாகுவாக ஒருவர் எழுந்தார், அப்பா என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தி இன்னும் தழும்பு இருக்கிறது. அந்த மனிதர் கதவு வரைக்கும் நடந்தார், கைப்பிடியில் கையை வைத்தார், போகிற போக்கில் ஒரு தடவை திரையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெயின்ட் பிரிவில் வேலை செய்கிற ஓர் அம்மாள் திரையைப் பார்த்து உரக்க, 'செருப்பை மாட்டிக்கம்மா, யாராச்சும் வந்துறப் போறாங்க' என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது, சிரிப்பு அடங்கியதும் ஒரு சத்தம் இல்லை, இருமல்கூட இல்லை. எல்லாரும் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கட்டில்காரரும் திரும்பினார், திரும்பியவர் எண்ண மறந்துவிட்டார். கதவருகே நின்றவர் ஷாட் முடிந்த பிறகு இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். படம் முடிந்ததும் கட்டில்காரர் வந்து, 'ஒருத்தர் எந்திரிச்சாரு, ஆனா போகல, அதை எப்படிச் சேர்க்கிறதுன்னு தெரியல' என்று பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு, 'இருக்கட்டும் மேடம், அப்படியே இருக்கட்டும், இன்டர்வெல்லை மட்டும் அதுக்கு அப்புறமா வச்சுருங்க' என்றார். வெளியே வரும்போது அந்தப் பெயின்ட் பிரிவு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, 'படத்துல நீங்க எங்க வந்தீங்க, நான் கவனிக்கலையே' என்றார். 'நான் வரலைங்க, நான் எடுத்தவ' என்றேன். சொன்ன வாய்க்கே கூச்சமாகவும் இருந்தது, இன்னொரு தடவை யாராவது கேட்க மாட்டார்களா என்றும் இருந்தது. இப்போது படம் மூன்றாவது வாரம் ஓடுகிறது, போஸ்டரில் என் பெயர் கடைசி வரியில் இருக்கிறது, அதைப் பார்ப்பதற்காகவே அப்பா தினமும் சுற்று வழியாகக் கடைக்குப் போகிறார், முழங்கால் வலிக்கு அதுதான் காரணம் என்று டாக்டரிடம் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை உன் ஊரில் ஒரே ஒரு காட்சி, காலை பதினொரு மணி. ஏழு வயதில் நீ தியேட்டரில் பெஞ்சு மேல் ஏறி நின்று, திரையில் நான் கட்டிப்பிடித்திருந்த பிள்ளையைப் பார்த்து 'அது எங்கம்மா, விடு' என்று கத்தினாய், அழ அழ உன்னைத் தூக்கி வந்தோம். அன்றிலிருந்து நீ என் படம் ஒன்றும் பார்த்ததில்லை, நானும் பார் என்று கேட்டதில்லை, கேட்க எனக்கு முகமில்லை, உன் பள்ளிக்கூட விழாக்களுக்கெல்லாம் நான் வேறு யாருக்கோ அம்மாவாக இருந்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். மாப்பிள்ளையையும் கூட்டிப் போ, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல். கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே உட்காராதே, முதுகு போய்விடும், காலையில் வெறும் காபியோடு ஓடாதே, இரண்டு பேரும் சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நூறு வயது இருக்க வேண்டும். மறந்துவிடாதே, சனிக்கிழமை, பதினொரு மணி. தைரியமாகப் போய்ப் பார் குட்டிம்மா, இந்தப் படத்தில் நான் யாருடைய பிள்ளையையும் கட்டிப்பிடிக்கவில்லை.

என்றும் உன் நினைப்பில்,
உன் அம்மா