கோப்பாய் அணிக்கு இரண்டு பயிற்சியாளர்

பதுளை
12-02-1962

அன்புள்ள சீவரத்தினம்,

இங்கே ஒரே குளிர். சுகத்துக்குக் குறைவில்லை. இடமாற்றக் கடிதத்தோடு நான் பஸ் ஏறிய அதே கிழமை, என் உதைபந்தாட்டப் பிள்ளைகளை நீ பொறுப்பேற்றாயாம். சந்தோஷம். கூடப் படித்தவன், என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கல்லுப் பொறுக்கி அந்த மைதானத்தை ஆக்கியவன் நான். சோமசேகரத்தைப் பின்வரிசையிலிருந்து அசைக்காதே.

தியாகலிங்கம்


கோப்பாய்
28-05-1962

அன்பு மச்சான்,

கோபிக்காதே. சோமசேகரத்தை முன்னுக்கு விட்டுப் பார்த்தேன். அரையிறுதியில் இரண்டு கோலும் அவனுடையவை. "தியாகலிங்கம் சேர் பாத்திருந்தால் என்ன சொல்லுவார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒன்பதாம் திகதி சனிக்கிழமை இறுதியாட்டம். கட்டாயம் வா. என் மனிசி பாலேஸ்வரி உனக்கும் சேர்த்துச் சமைப்பாள்.

உன் சீவரத்தினம்


பதுளை
20-06-1962

சீவரத்தினம்,

வந்தேன். உன் வீட்டுப் பக்கம் வர மனம் வரவில்லை. சனத்துக்குள் நின்று பார்த்தேன். சோமசேகரம் கோல் அடித்தபோது எல்லாரும் துள்ளினார்கள். எனக்குக் கை தட்ட வரவில்லை. கேடயத்தை அவன் உன்னிடம் கொண்டுவந்து தந்தான். பக்கத்தில் நின்றவர், "உந்தச் சீவரத்தினம் வாத்தியார் வந்த பிறகுதான் பெடியள் விளையாடத் துவங்கினவங்கள்" என்றார். "ஓம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்துக் கல்லூரி ஒன்று என்னைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருக்கிறது. தையில் வருகிறேன். உன்னை வெல்லத்தான் வருகிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது.

தியாகலிங்கம்


கோப்பாய்
17-07-1963

மச்சான்,

வென்றுவிட்டாய். விசில் ஊதியதும் கை கொடுக்க வந்தேன். உன் பெடியள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேடினார்கள். நீயோ எங்கள் கோல் கம்பத்தடியில், சோமசேகரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். நான் எத்தனை தரம் கூப்பிட்டும் முகம் நிமிர்த்தாதவன், உன் தோளில் சாய்ந்து கேட்டான்: "ஏன் சேர் எங்களை விட்டிட்டுப் போனனீங்கள்?"

"போகச் சொல்லி வந்தது, போனனான்" என்றாய்.

நான் உங்கள் பின்னால்தான் நின்றேன். நீங்கள் காணவில்லை. வீட்டில் பாலேஸ்வரி கேட்டதற்கு, "தோத்திட்டம்" என்று மட்டும் சொன்னேன். ஆட்டத்தில் தோற்றதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றரை வருஷம் அவனோடு ஓடியவன் நான். என்னிடம் அவன் ஒரு நாளும் அப்படி எதுவும் கேட்டதில்லை.

உன்னை வாழ்த்தத்தான் பேனா எடுத்தேன். வருகுதில்லை. கொஞ்சக் காலம் போகட்டும்.

சீவரத்தினம்