வெளி ஆள்

மதினி, இன்று காலை அந்த இரும்புக் கேட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் கவனித்தேன், என் செருப்பு கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை.

நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு நடக்கையில், ஓடைக்கரை தாண்டி, கரிசல் காடு தாண்டி, நாம் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து ரூம்களை ஒட்டிப் பாதை போகும். அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வீர்கள். உரசினால் பொறி பறக்கும் என்று உள்ளே வேலை பார்க்கிற எல்லோரும் வெறுங்காலோடுதானே இருப்போம். "வெளிய நடக்கதுக்கு எதுக்கு மதினி? ரப்பர் செருப்புல எங்கன பொறி வரும்?" என்று கேலி செய்வேன். "அது ரப்பர்னு மருந்துக்குத் தெரியுமா? கழட்டு புள்ள" என்பீர்கள்.

பிறகு பாதைக்குக் குறுக்கே வேலி வந்தது, கேட்டும் வந்தது. "வெளி ஆளுக நடந்தா ஆபத்து, மெயின் ரோட்டுல சுத்திப் போங்க" என்றார் மேனேஜர். நீங்கள் விடவில்லை. "காலையில உள்ள வந்தா வேலைக்காரி. அதே காலு இந்தப் பக்கம் நடந்தா வெளி ஆளா சார்?" அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மருந்துக்குப் பக்கத்தில் வேலி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதையை வெளியே விட்டு வேலி போட அங்கே இடமிருந்தது. ஊரே நடந்த பாதை அது.

அடுத்த ஆடிக்கு ரோட்டில் சுற்றி நடந்தோம். செருப்பைக் கழற்ற அங்கே ஓர் இடமும் வரவில்லை. கோயிலுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது பின்னால் வந்த லோடு லாரி உங்களை அடித்துப் போட்டது.

இன்றும் அதே வெள்ளி. கேட்டில் புதிதாக வந்த வாட்ச்மேன், "வெளி ஆளுகளுக்கு வழி இல்லக்கா, ரோட்டுல போங்க" என்றார்.

"செருப்பக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். என்னையப் பாத்தா வெளி ஆளாவா தெரியுது தம்பி?"

அவர் என் காலைப் பார்த்தார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

ரோட்டில்தான் போனேன். நீங்கள் விழுந்த இடத்தில் தார் கொதித்தது. கூட நடந்து வந்த பெண், "காலு வெந்துரும், செருப்பப் போடுங்கக்கா" என்றாள்.

போடவில்லை மதினி. இருக்கன்குடி வரைக்கும் அது என் கையில்தான் இருந்தது.