சூடு இறங்கினால் அடைபடும் வழி

அன்புச் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், உன் குரல் அப்படிச் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அப்பாவின் சக்கர நாற்காலி பேட்டரி உப்பிப்போய் நாற்றமடித்ததே, அதை மாற்றியாகிவிட்டது, ஆனாலும் சார்ஜ் ஏறும்போது அடுப்பைவிட அதைத்தான் அதிகம் எட்டிப் பார்க்கிறேன். உள்ளே இருக்கிற திரவம்தான் தீப்பிடிக்கிறது, அதற்குப் பதிலாக லித்தியம் நடந்துபோக வழிவிடுகிற ஒரு திடப்பொருளைக் கம்ப்யூட்டரில் தேடுகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து என் பிரார்த்தனையில் அதுவும் உண்டு. அப்பாவுக்குக் கிண்டல், உன் மகள் கல்லுக்குள்ளே வழி தேடுறா, நீ வீட்டுக்குள்ளே சாவி தேடுறே என்கிறார்.

நீ அழுதுகொண்டே சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், தப்பென்றால் சிரித்துக்கொள். ஆயிரக்கணக்கில் சலித்து ஒரு பொருளை எடுத்தாய். சாதாரண சூட்டில் லித்தியம் மெதுவாக நகரும், அதைக் கணக்கிட்டு மாளாது என்று கடும் சூட்டில் ஓடவிட்டுப் பார்த்து, வந்த வேகத்தைக் கோடாகப் போட்டு, அந்தக் கோட்டை அப்படியே கீழே நீட்டி, சாதாரண சூட்டிலும் நன்றாக ஓடும் என்று சொல்லிவிட்டாய். இப்போது சந்தேகம் வந்து குறைந்த சூட்டில் பார்த்தால் உள்ளே அணுக்கள் இடம் மாறி வழியே அடைபட்டுப் போகிறது. குளிரில் உறைந்த எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாதே, அந்த மாதிரிதானே? திங்கட்கிழமை கூட்டத்தில் உன் மேடம் அந்தப் பொருளைத்தான் முதலில் வைக்கப் போகிறார், உன் வேலை நீடிப்பதும் அதை வைத்துத்தான், விஷயம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். யாரும் கேட்கலைன்னா விட்டுடவாம்மா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய்.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். தொகை இடித்தால் எல்லோரும் மறுபடி கூட்டிப் பார்ப்பார்கள், நமக்கு வேண்டிய தொகையே வந்துவிட்டால் பேனாவை மூடிவிடுவோம். நீ மூடவில்லை, மறுபடி கூட்டினாய். பாதி தைரியம் அதிலேயே வந்துவிட்டது, மீதி பாதிதான் பாக்கி.

அப்பாவிடமும் சொன்னேன். இப்படி ஒரு பேட்டரி வராதா என்று நம் எல்லோரையும்விட ஏங்குகிறவர் அவர். கொஞ்ச நேரம் நாற்காலியின் பிரேக்கைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். அப்புறம், அது மேலே உட்காரப் போறவன் நான்தானே, நான் காத்திருக்கேன்னு சொல்லு, அவளை மேடத்துக்கிட்ட இருக்கிறதை இருக்கிறபடி சொல்லச் சொல்லு என்றார்.

வேலை நின்றுபோனால் உன் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது, இஸ்திரி மேசையை மட்டும் நகர்த்த வேண்டும். உன் கை தொட்டது துலங்கட்டும், துலங்காததை மறைக்காத மனசையும் ஆண்டவன் கொடுக்கட்டும். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு கூட்டத்துக்குப் போகாதே. முடிந்ததும் கூப்பிடு, என்ன ஆனாலும் முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும், போன் அவர் மடியில் இருக்கும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா