எண்பது என்று எழுதினேன்

அம்மாவுக்கு,

போன்ல பேசாம லெட்டர் போடுறாளேன்னு பயப்படாதே. நீ போன்ல "தூங்குனியா"ன்னு கேட்டதும் "நல்லா தூங்குனேம்மா"ன்னு வாயில வந்துடுது. மூணு மாசமா அது பொய். நர்சிங் ஹாஸ்டல்ல படுத்தா விடியுற வரைக்கும் முழிச்சுக்கிட்டேதான் கெடக்குறேன்.

போன வாரம் வார்டுல எனக்குப் பல்ஸ் பார்க்குற வேலை. காரைக்கால்மேட்டுல மீன் விக்கிற ஒரு அக்கா காய்ச்சல்னு சேர்ந்திருந்தாங்க. பகல் பதினோரு மணி. அவங்க மணிக்கட்டைப் பிடிச்சு எண்ண ஆரம்பிச்சவ, ஸ்டூல்ல உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன். முழிச்சப்ப அவங்க கை என் கைக்குள்ளயே இருந்துச்சு. சிஸ்டர் வர்ற சத்தம் கேட்டு, எண்ணாமலே சார்ட்டுல எண்பதுன்னு எழுதிட்டேன்.

கொஞ்ச நேரத்துல டாக்டர் பார்த்தா நூத்தி முப்பது. எல்லாரும் ஓடுனாங்க. இப்ப தேறி வீட்டுக்குப் போயிட்டாங்க, நீ பதறாதே.

சிஸ்டர் விசாரிச்சப்ப அந்த அக்காவே, "அந்தப் புள்ள சரியாத்தான் எண்ணிச்சு, அப்புறம்தான் எனக்குப் படபடன்னு வந்துச்சு"ன்னாங்க. பக்கத்துல நின்ன நான் வாயே திறக்கல. வீட்டுக்குப் போறப்ப என்கிட்ட மட்டும், "கை மரத்துப்போச்சு பாப்பா, எடுத்தா நீ முழிச்சுக்குவியேன்னு எடுக்கல"ன்னாங்க.

நம்ம ஊரு குரும்பகரத்துல எல்லார்கிட்டயும் என்னை நர்சுன்னு சொல்லிக்கிறியாமே. கொஞ்ச நாளைக்குச் சொல்லாதேம்மா.

சிஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிப் பார்க்குறேன். ஞாயித்துக்கிழமை போன் பண்றப்ப சாப்பிட்டியான்னு மட்டும் கேளு. தூங்குனியான்னு கேட்டா திரும்பவும் ஆமான்னுதான் சொல்லுவேன்.

உன் மக