எனக்காக நீங்கள் சொன்ன பதில்

அக்கா,

எதிர்வீட்டில் பிரசவ லேகியம் கிண்டுகிறார்கள். சுக்கும் நெய்யும் சேர்ந்த அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும் உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

நீங்கள் இந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். பாப்பா பிறந்த பிறகு எனக்கு என்ன ஆனதென்று எனக்கே விளங்கவில்லை. அவள் அழுதால் தூக்கத் தோன்றாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வீடு முழுக்கத் தறிச்சத்தம். யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன்.

தடுப்பூசி போடப் போனபோது நீங்களும் வந்தீர்கள். பாப்பாவுக்கு ஊசி போட்ட நர்ஸ் அம்மா என் பக்கம் திரும்பினார். "நல்லா தூங்குறியாம்மா? காரணமில்லாம அழுகை வருதா? செத்துடலாம்னு தோணுதா?" எல்லாவற்றுக்கும் "இல்லைங்க" என்றேன்.

"பொய் சொல்றா மேடம்," என்றீர்கள். "தெனம் அழுதுகினு இருக்கா. என் காதுல விழுந்துகினுதான் இருக்கு."

எவ்வளவு கோபம் வந்தது உங்கள்மேல்! ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாப்பாவைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னீர்கள்: "பெரியவன் பொறந்தப்ப எனக்கும் இப்டிதான். என்னை யாரும் கேக்கல. உன்ன கேட்டாங்க இல்ல, சொல்லிடு."

கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்றார் மாமியார். "கயிறும் கட்டலாம் அத்தை, டாக்டரையும் பாக்கலாம்," என்று சொல்லி என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள். மாத்திரை கொடுத்தார்கள், மனசில் இருப்பதையெல்லாம் பேசவும் வைத்தார்கள். மதியங்களில் தறியை நிறுத்திவிட்டுப் பாப்பாவை வாங்கிக்கொள்வீர்கள், நான் தூங்குவேன். எனக்குக் குணமாகச் சில மாதங்கள் ஆயின. ஒருநாள் பாப்பா உங்கள் மூக்கைப் பிடித்து இழுத்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மூக்கை விடுவித்துக்கொள்ளக்கூட மறந்து, என்னைப் பார்த்து அழுதீர்கள் நீங்கள்.

போன ஆடியில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். பெரியம்மா எப்போது வருவாள் என்று கேட்பதை இப்போதுதான் நிறுத்தியிருக்கிறாள்.

நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன், அக்கா. நேற்று செக்கப்பில் அதே மாதிரி கேட்டார்கள். "தூக்கம் வரலைங்க. போன வாட்டி மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு," என்று நானே சொல்லிவிட்டேன். அந்தத் தைரியம் உங்களுடையது.

"இப்பவே சொன்னியே, நல்லது. டாக்டரைப் பாத்துடலாம்," என்றார் நர்ஸ் அம்மா. "வர்றப்ப உனக்கு நெருக்கமானவங்க யாருன்னா இருந்தா கூட்டினு வாம்மா."

சரிங்க என்றேன். வாய்வரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டு எழுந்தேன்.