ஜப்பான் பல்பு எரியும் பியானோ

இலோயிலோ
ஜனவரி 29

அன்பு மகள் மாரிவிக்குக்கு அப்பா கிரிசாந்தோ எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், என் வலது கைச் சுண்டுவிரல் மட்டும் நலமில்லை, காரணம் பின்னால் வரும். பெர்கனில் பனி கொட்டுகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, நோயாளிகளைப் பார்க்கிறவளே நோயில் விழக்கூடாது. இதைப் போனில் சொல்லலாமே என்பாய், போனை எடுத்தால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், இது அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய சேதி.

உன் பியானோ போகவிருந்தது மகளே. அக்டோபர் மழை சமயத்தில் உன் அம்மா திடீரென்று, வாசிக்க ஆளில்லாத இந்தப் பெட்டியைப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியுது, இதை வித்துட்டு அந்த இடத்துல ஃப்ரீசர் வைக்கிறேன், ஐஸ் மிட்டாய் போட்டாலாவது தெருப்பிள்ளைங்க வந்து கதவைத் தட்டும் என்றாள். கல்யாண மண்டபக்காரர் ஒருவரிடம் பேசியும் விட்டாள். எனக்கு வந்ததே கோபம், வாசிக்க ஆள்தானே வேண்டும், நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் இழுவைப்படகு ஓட்டிப் பெரிய பெரிய கப்பலையெல்லாம் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தவனுக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம் என்று நினைப்பு. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சரி, ஜனவரியில குழந்தை இயேசு சாந்தோ நீனோ திருவிழாவுக்குள்ள ஒரே ஒரு பாட்டு, முழுசா, நிக்காம வாசிங்க, இல்லேன்னா பெட்டி போகும், ஃப்ரீசர் வரும் என்று பந்தயம் கட்டினாள்.

பியானோ டீச்சர் பேர் ஜோய்லின், உன்னைவிடச் சின்னப் பெண். முதல் நாளே என் விரலைப் பார்த்து மிரண்டு போனாள், கேப்டன் சார், ஒரு விரலுக்கு ஒரு கட்டை போதும், நீங்க ரெண்டு ரெண்டா அமுக்குறீங்க என்றாள். என் வகுப்பில் மற்ற ஐந்து பேருக்கும் பால்பல் விழுந்துகொண்டிருக்கிறது. அதில் பியா என்ற வாண்டு தினமும் என் புத்தகத்தை எட்டிப் பார்த்து, தாத்தா நீங்க இன்னும் இந்தப் பக்கத்துலதானா என்று கேட்டு மானத்தை வாங்கும். புத்தகப் பாட்டு எனக்கு ஏறவில்லை. பக்கத்து வீட்டு பெர்த்திங் சாயங்காலமானால் கரோக்கியைப் போட்டு ஒரே காதல் பாட்டைக் கதறுவானே, அதையே எளிதாக எழுதிக் கொடு என்று டீச்சரைக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கத்த இந்தப் பக்கம் நான் தட்ட, இரண்டே மாதத்தில் பாட்டு முழுசும் கைக்கு வந்துவிட்டது. சுண்டுவிரல்தான் வீங்கிப் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை, திருவிழாவன்று, பள்ளிக்கூட மண்டபத்தில் அரங்கேற்றம். புதிதாகச் சேர்ந்தவர்களெல்லாம் தேனீயாம், எல்லாருக்கும் இறக்கை. எனக்கு இறக்கை தைத்தவள் உன் அம்மா, தைக்கும்போதே சிரித்துச் சிரித்து இரண்டு தடவை ஊசியால் குத்திக்கொண்டாள். இறக்கையோடு போய் மேடையில் உட்கார்ந்தேன். மண்டபம் கப்சிப். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பெர்த்திங்கின் கதறல் இல்லாமல் இந்தப் பாட்டை நான் ஒரு நாள்கூட வாசித்ததில்லை! நாலு கட்டை அமுக்கினேன், நின்றேன். மறுபடி நாலு, மறுபடி நின்றேன். கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது, ஃப்ரீசர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பியா முன்வரிசையிலிருந்து, தாத்தா அழாதீங்க என்றாள். அந்த நேரம் கடைசி வரிசையில் நூடுல்ஸ் தட்டோடு பெர்த்திங் எழுந்தான். என்ன கேப்டன், நான் எடுத்துக் குடுக்கணுமா என்று கேட்டுவிட்டு அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்தான் பார், என் விரல்கள் தானாக ஓடின, கடைசி வரி வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. முடிந்ததும் பெர்த்திங் பெண்டாட்டி, தொண்ணூத்தெட்டு மார்க்கு என்று, பாட்டு முடிந்ததும் மார்க்கு போடும் கரோக்கிப் பெட்டி மாதிரியே கத்த, மண்டபமே எழுந்து கை தட்டியது.

உன் அம்மா மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ரெண்டு தடவை நின்னீங்க, பந்தயம் பந்தயம்தான் என்றாள். நான் இறக்கையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை, கல்யாண மண்டபக்காரர் வருவதற்குள் உள்ளே எரியும் பல்பையாவது எடுத்து வைப்போம் என்று பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். நீ பெர்கனுக்குப் போன வருஷம் ஈரம் ஏறாமலிருக்க நான் மாட்டினேனே, ஜப்பான் கப்பல்காரன் கொடுத்த பல்பு, அதுதான். ஒன்பது வருஷமாக அணையாமல் எரிகிறது, ஜப்பான்காரனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று துறைமுகம் பூராவும் பீற்றிக்கொண்டவன் நான். பார்த்தால் அது நம் முனைக்கடை பல்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் என் பழைய காலுறையில் பூச்சி உருண்டை, உன் பள்ளிக்கூட ரிப்பனால் கட்டியிருந்தது. நிமிர்ந்தால் உன் அம்மா நிற்கிறாள். பெலிசா, இந்தப் பல்பு யார் மாட்டினது என்றேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ஜப்பான் பல்பு அப்படித்தான், ஒன்பது வருஷம் எரியும் என்றாள். மண்டபக்காரருக்கு நேத்தே வேண்டாம்னு சொல்லியாச்சு, ஃப்ரீசர் சமையல்கட்டுல அரிசி டின் பக்கத்துல இருக்கட்டும், பலகையை மூடுங்க, ஈரம் ஏறப்போகுது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பலகையைத் திரும்ப மாட்டுவதற்குள் திருகாணி இரண்டு தடவை கைநழுவி உருண்டது மகளே, கிழவன் அழுதான் என்றே வைத்துக்கொள்.

சாந்தோ நீனோ உன்னைக் காப்பாற்றட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. டிசம்பரில் வரும்போது நல்ல பல்பு ரெண்டு வாங்கி, சாக்லேட் பெட்டிக்கு அடியில் ஒளித்து அம்மா கையில் கொடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

என்றும் உன் அப்பா,
கேப்டன் கிரிசாந்தோ (தேனீ)