சீனாவுக்குப் போகாத நார்

ஐப்பசி 3, திங்கள். வெயில். கிழக்கே மட்டும் கருப்பு.

நார் மில்லில் மெஷின் ஓடவில்லை. களத்தில் காயப்போட்ட தென்னை நாரைக் கிளறிவிட்டோம், நானும் பக்கத்து வீட்டு மல்லிகாவும். கொட்டகை நிறைய பேல் கட்டுகள். மெத்தை செய்யச் சீனாவுக்குப் போக வேண்டியவை. வாங்குகிறவர் வேண்டாம் என்றுவிட்டாராம்.

"ஏன் முதலாளி, நம்ம நாரு குத்துதாமா?"

முதலாளி சிரிக்கவில்லை. "சீனா மெத்தைக்கு அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான்க்கா. மெத்தை போகல, அதான் நாரும் போகல. மழை வலுக்குறதுக்குள்ள இது நகரலன்னா மில்ல மூட வேண்டியதுதான்."

அங்கே ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் பேராவூரணிப் பக்கம் மெஷின் நிற்கிறது. எவ்வளவு நீளக் கை.

உப்பு, தீப்பெட்டி வாங்கணும்.

ஐப்பசி 5, புதன். தூறல்.

கொட்டகை மேல் போட்ட தார்ப்பாயில் ஓட்டை. அதுக்கு நேரே என் பழைய குடை.

"பேலுக்குக் குடை பிடிக்கிறியேக்கா, மாமாவுக்கு என்னைக்காவது பிடிச்சிருக்கியா?" மல்லிகாதான்.

"அவரு நனைஞ்சா காஞ்சிடுவாரு. நாரு கறுத்துடும்டி."

மில் மூடினால் நடவுக்குத்தான் போகணும். முட்டி தாங்காது. அவளிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 10, திங்கள். மேகம்.

நார் வியட்நாமுக்குப் போகிறதாம். அங்கே மெத்தை செய்வது யார்? அதே சீனாக்காரர். அங்கே போய்க் கம்பெனி போட்டிருக்கிறார். மெத்தை யாருக்கு? அமெரிக்காவுக்குத்தான்.

களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வரப்புத் தென்னை யாருடையது என்று எங்கள் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் பேச்சில்லை. கோர்ட்டில் கேஸ். ஆனாலும் என் மீன்குழம்பு மல்லிகா வீடு வழியாகக் கொழுந்தனார் தட்டுக்குப் போய்விடும். கிண்ணம் முருங்கைக்காயோடு திரும்பும். அத்தனை பெரிய தேசங்களும் இப்படித்தானா.

"அப்ப வியட்நாம்தான் நம்ம மல்லிகாவா முதலாளி?"

இன்றைக்குச் சிரித்தார். "ஆமாக்கா. அவங்களுக்கும் வரி போடுவான்னு பேச்சு."

"மல்லிகா வீட்டுக் கதவையும் சாத்திட்டா?"

"வேற வீடு பாப்பாங்க."

ஐப்பசி 13, வியாழன். விட்டு விட்டு மழை.

கண்டெய்னர் லாரி வந்தது. எல்லாம் ஏறிற்று. கறுத்து ஏறாமல் நின்றது ஒரே ஒரு கட்டு, குடைக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு சாத்தும் முன் கடைசி பேலைத் தொட்டுப் பார்த்தேன். நான் கிளறிய நார். கடல் தாண்டி, தேசம் சுற்றி, கடைசியில் யாரோ ஒரு அமெரிக்காக்காரர் முதுகுக்கு அடியில். வரி போட்டவராகவே இருந்தாலும் இருக்கும். நன்றாகத் தூங்கட்டும்.

மதியம் மெஷின் போட்டார்கள். மல்லிகா ஏதோ கேட்டாள். சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அப்பாடா.